எலிசாளின் பாவக்காயும் சத்தியதாஸின் சிறுதேனீயும்

எலிசாள் வீட்டில் இளையவள்; சுத்தத்தில் மூத்தவள். கோவளத்தில் ஒரு ஹோட்டலில் அறை துடைக்கிற வேலை. விழிஞ்ஞத்தில் மொட்டைமாடியோடு ஒற்றை அறை வாடகைக்குக் கிடைத்ததும், பழைய பெயிண்ட் வாளிகளில் மண் நிரப்பிப் பாவற்கொடியும் பயறும் நட்டாள். பூச்சி என்று எது கண்ணில் பட்டாலும், புகையிலையும் சோப்பும் கரைத்த தண்ணீரை அதன் தலையில் தெளித்துவிடுவாள்.

பாவற்கொடி மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. அந்தப் பூரிப்பில், விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்குத் தன் மாடிக் காயைத்தான் காணிக்கை வைப்பேன் என்று சபையில் எல்லார் முன்னும் சொல்லிவிட்டாள். பூவெல்லாம் உதிர்ந்தது. ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை.

கீழ்வீட்டு சத்தியதாஸ் அதே சபைக்காரர். வாசலில் மண்கலம் கட்டிச் சிறுதேனீ வளர்ப்பவர்.

"என்ன எலிசா, கர்த்தருக்குக் காயா, கதையா?"

"காய்தான் அண்ணாச்சி. கொஞ்சம் வெட்கப்படுது."

"கடையில வாங்கிட்டு வந்தா நான் கண்டுபிடிச்சிருவேன், கேட்டியா."

அந்த யோசனை அவளுக்கும் வந்திருந்தது. இனி அதற்கும் வழியில்லை.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவள் மறந்துபோன வாளி ஒன்றில் கொத்தமல்லி வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. அதன்மேல் பொறிவண்டும் குட்டிக் குளவியும் சிறு ஈயுமாக ஒரே சந்தை. பக்கத்துப் பயற்றில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி ஒன்றுகூட இல்லை; பொறிவண்டு தின்று தீர்த்திருந்தது. மருந்தோடு ஓங்கிய கை தானாக இறங்கியது. பூவைக் காயாக்குகிற ஈயையும் அல்லவா மருந்தடித்து விரட்டியிருக்கிறாள்! ஹோட்டலில் திருடனை விரட்டுகிறேன் என்று சமையல்காரனையும் சேர்த்து விரட்டிய கதையாகிவிட்டதே என்று நினைத்துக்கொண்டாள்.

கரைசலைச் சாக்கடையில் கொட்டினாள். துளசியையும் கடுகையும் பூக்க விட்டாள். மண்தட்டில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் வைத்தாள். பூச்சியைக் கண்டும் துடைக்காமல் இருப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தாள். சத்தியதாஸின் தேனீக்கள் மெல்ல மாடியேறின. பாவலில் பிஞ்சு நின்றது.

சத்தியதாஸ் மூச்சிரைக்க மேலே வந்தார். "என் ஈயை வசியம் பண்ணிட்ட, அல்லே?"

"நான் விளிக்கல அண்ணாச்சி, அதுவா வந்தது. உங்க முற்றத்துல அதுக்குத் தின்ன என்ன உண்டு? முழுக்கச் சிமெண்டு."

பண்டிகையன்று அவள் தட்டில் முள்ளும் பச்சையுமாகப் பாவக்காய்கள். தேன் குப்பியோடு வந்திருந்த சத்தியதாஸ் பக்கத்தில் குனிந்தார்.

"பாதி என் பேர்ல சொல்லணும். வேலை செஞ்சது என் ஈயாக்கும்."

"சொல்லுதேன். அந்தத் தேன்ல பாதியை என் பேர்ல சொல்லுங்க. பூ என்னோடதாக்கும்."

அவர் குப்பியை மெதுவாகத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

சபையை நடத்தும் உபதேசியார் ஒரு காயைத் தூக்கிப் பிடித்து, "இது யாரோடது?" என்று கேட்டார்.

"என்னோடது ஐயா," என்று எழுந்த எலிசாள், சத்தியதாஸைச் சற்று நேரம் தவிக்கவிட்டுப் பிறகு சொன்னாள்: "அண்ணாச்சி வீட்டு ஈக்களும் கூட்டு."