வாறன் என்றவனுக்கு வைத்திருந்த கார்

அரியாலையில் கண்டி வீதியைப் பார்த்தபடி, எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே அருளம்பலத்தாரின் வீடு. கேற்றில் ஒரு பலகை தொங்கும்: ‘ஒரு கை பாவித்த கார் விற்பனைக்கு உண்டு’. 1984 தைப்பொங்கல் கழிந்த கையோடு கட்டிய பலகை அது. அதிலிருந்து பதினொரு வருடத்தில் அந்த எழுத்துகளுக்கு அவர் மூன்று தரம் புதிதாய்ப் பெயின்ற் அடித்தார். விற்கிற எண்ணமுள்ள மனிதன் காருக்கல்லவா பெயின்ற் அடிப்பான்? முதல் தரம் தூரிகையோடு நின்றபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

கார் 1952ஆம் ஆண்டின் ஒஸ்டின் ஏ40. கடும்பச்சை நிறம். சீமையிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய கையோடு தன்னிடம் வந்தது என்பார். கேட்டுக்கொண்டிருந்தால், மகாராணியே துறைமுகத்துக்கு வந்து கைகாட்டி அனுப்பிவைத்த மாதிரி இருக்கும். அருளம்பலத்தார் பிரதம லிகிதராக இருந்து ஓய்வுபெற்றவர். கந்தோரில் முப்பது வருடம் கோப்புகளை மேசையை விட்டு அசையவிடாமல் காத்தவர். அந்தத் திறமை முழுவதையும் ஓய்வுக்குப் பிறகு காரில் காட்டினார்.

விற்கச் சொன்னது மகன். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பில் வீடெரிந்து, கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கியவன், வருடம் முடியமுன் லண்டனுக்குப் போய்விட்டான். போகிற அன்று முற்றத்தில் நின்று, “அப்பா, உதை ஒண்டில் ஓட்டுங்கோ, இல்லாட்டி வித்துப்போடுங்கோ. அம்மாவுக்கு முழங்கால் ஏலாது. உது நிக்க அவ பஸ்சிலை தொங்குறா” என்றான். தகப்பன் ஓட்டவில்லை. விற்கப்போவதாகப் பலகை எழுதினார். அதனால் காரை ஓட்டுவது அடியோடு நின்றது.

“விக்கப்போற காரை ஓட்டினால் மீற்றர் ஏறுமெல்லோ?” என்று என்னிடம் கேட்டார்.

இப்படிக் கேட்கிறவருக்கு என்ன பதில் சொல்வது? கார் நான்கு கற்களின்மேல் ஏறிக்கொண்டது. சில்லுகள் நிலத்தில் முட்டினால் தேய்ந்துவிடுமாம். அவர் மனைவி ஞானாம்பிகை அக்கா கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். கீரிமலைக்கு ஒருதரம் காரில் போய்க் கேணியில் கால் நனைத்துவிட்டு வர வேண்டும். முழங்காலுக்கு நல்லது என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

“வித்த பிறகு போவம்” என்றார் இவர்.

“வித்த பிறகு எதிலை போறது?” என்று அக்கா கேட்டார்.

பலகை கட்டிய பிறகுதான் அவருடைய வாழ்க்கை களைகட்டியது. கார் வைத்திருக்கிறவரை யார் தேடி வருகிறார்கள்? விற்கிறவரைத்தான் நாலு பேர் தேடி வருவார்கள். வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து, போர்வையை மெதுவாய் நீக்கி, ஒரு மணித்தியாலம் விளக்குவார். பிறகு வந்தவரில் குறை கண்டுபிடிப்பார். புத்தூரிலிருந்து வந்த தியாகராசா வாத்தியார் கதவைக் கொஞ்சம் பலமாய்ச் சாத்திவிட்டார். அந்த இடத்திலேயே அவர் கதை முடிந்தது. “கதவு சாத்தத் தெரியாதவனுக்குக் காரோ?” என்று அருளம்பலத்தார் ஒரு கிழமை புறுபுறுத்தார்.

எண்பத்தேழில் குருநகரிலிருந்து சிமியோன் வந்தான். மீன் வியாபாரி. சொந்தமாய் ஒரு படகும் எஞ்சினும் வைத்திருந்தான். போர்வையை நீக்கியதும் அவன் ஒன்றும் கேட்கவில்லை. ஹாண்டில் அடித்து ஸ்ரார்ட் பண்ணச் சொல்லி, பொனற்றில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.

“மூச்சு சுத்தமாயிருக்கு ஐயா. நல்ல சாமான்” என்றான். “எங்கடை அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகோணும். விடிய மீன் ஏத்தவும் உதவும்.”

சொன்ன விலைக்கு மறுபேச்சும் இல்லை. அருளம்பலத்தாருக்கு வியர்த்துவிட்டது. இத்தனை வருடத்தில் யாரும் அவரை இப்படி மடக்கியதில்லை. கதவையும் அவன் பூப்போலச் சாத்தியிருந்தான்.

“டிக்கியிலை மீனோ?” என்று மெல்ல இழுத்தார். “சீற்றிலை மணம் பிடிக்குமே தம்பி. யோசிச்சுச் சொல்லுறன்.”

குருநகர்ப் பாரை மீன் அந்த வீட்டுச் சட்டியில் கிழமைக்கு மூன்று நாள் கொதிக்கிறது. வயிற்றுக்குள் போகலாம், டிக்கிக்குள் போகக்கூடாது. சிமியோனுக்கு விளங்கிவிட்டது. முகம் சுருங்கியது எனக்குத் தெரிந்தது. சாரத்தை உதறிக்கொண்டு, “அப்ப வாறன் ஐயா” என்று போனான்.

எங்கள் ஊரில் விடைபெறுகிற எவரும் ‘போறன்’ என்று சொல்வதில்லை. ஆகாத சொல். ‘வாறன்’ என்றுதான் எழும்புவோம். இனி இந்தப் படலையை மிதிப்பதில்லை என்று மனதுக்குள் சத்தியம் பண்ணியவனும் ‘அப்ப வாறன்’ என்றுதான் செருப்பைத் தேடுவான். இது மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும். பிரதம லிகிதருக்கு மட்டும் அன்று தெரியாமல் போனது. அடுத்த கிழமை கேட்டு வந்தவரிடம், “மன்னிக்கோணும். குருநகரிலையிருந்து ஒருத்தன் வாறன் எண்டு சொல்லிப் போனவன். சொல்லுக்கு மதிப்புக் குடுக்கோணுமெல்லோ?” என்றார்.

என்ன அருமையான சாட்டு! இனிக் குறை கண்டுபிடிக்கிற வேலையும் இல்லை. எட்டு வருடம் வந்த அத்தனை பேருக்கும் இதே பதில்தான். சொல்லும்போது கேற்றுப் பக்கம் மறந்தும் பார்க்கமாட்டார். அவன் உண்மையிலேயே வந்து நின்றுவிட்டால் என்ன செய்வது?

தொண்ணூறில் சண்டையும் பொருளாதாரத் தடையும் வந்து, யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றது. புதிய ஜப்பான் கார்களெல்லாம் கோழி அடைகிற கூடுகளாக, பழைய ஏ40களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. நாலு சொட்டுப் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினால், வீதி முழுக்கப் புகை கக்கிக்கொண்டு போகும். ஞானாம்பிகை அக்கா நம்பிக்கையோடு பார்த்தார்.

“சீமைக் கார் மண்ணெண்ணெய் குடிக்காது” என்றார் அருளம்பலத்தார்.

“சீமைக் காரின்ரை சொந்தக்காரர் பாணுக்கு லைனிலை நிக்கிறார். கார் மண்ணெண்ணெய் குடிச்சால் என்ன?” என்றார் அக்கா.

அவரிடம் ஒரு போத்தல் பெற்றோல் மிச்சம் இருந்தது. அதைப் பத்திரமாக வைக்க, சாமியறைதான் இடம் என்று முடிவு கட்டினார். நெருப்புப் பயத்தில் அங்கே விளக்குக் கொளுத்தத் தடை. ஐந்து வருடம் பிள்ளையார் இருட்டில் இருந்தார். வருடத்தில் ஒருநாள், சரஸ்வதி பூசையன்று, இரண்டு கரண்டி பெற்றோல் ஊற்றிக் காரை நின்ற இடத்தில் இரண்டு நிமிடம் உறுமவிடுவார். அக்கா படியில் இருந்து முழங்காலைத் தடவிக்கொண்டே அதைக் கேட்பார். அதற்குள் கீரிமலைப் பக்கம் இராணுவம் பிடித்து, யாருமே போகமுடியாத இடமாகிவிட்டது. அக்கா கீரிமலைப் பேச்சை விட்டுவிட்டார். எனக்கு அருளம்பலத்தார்மேல் உண்மையாகவே கோபம் வந்தது அப்போதுதான்.

தொண்ணூற்றைந்து ஐப்பசி முப்பதாம் திகதி பின்னேரம் ஒலிபெருக்கி வைத்த வாகனம் வந்து, இராணுவம் நெருங்குகிறது என்று எல்லாரையும் உடனே தென்மராட்சிப் பக்கம் போகச் சொன்னது. அதன் பிறகு கண்டி வீதியில் நிலம் தெரியவில்லை. யாழ்ப்பாணம் முழுவதும் மழையில் நனைந்தபடி எங்கள் வாசலால் நடந்து போனது. அருளம்பலத்தார் அன்று அசையவில்லை. அக்காவால் அரைக் கட்டைகூட நடக்க ஏலாது. விடிந்ததும் ஷெல் சத்தம் கிட்டக் கேட்டது. என் சைக்கிள் கரியரில் அக்காவை ஏற்றிப் பார்த்தோம். முழங்கால் மடியவில்லை, வலியில் அக்கா கத்திவிட்டார்.

“நீங்கள் போங்கோ. நான் பிள்ளையாரோடை இருக்கிறன்” என்றார்.

அருளம்பலத்தார் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தச் சனத்துக்குள்ளே, கிழவி ஒருத்தியைச் சைக்கிளில் இருத்தி உருட்டிக்கொண்டு சிமியோன் வந்தான். ஹாண்டிலில் படகு எஞ்சினுக்கு வைத்திருந்த மண்ணெண்ணெய்க் கலன் தொங்கியது. அவன் நின்றது பலகையைக் கண்டுதான்.

“ஐயா, இன்னும் விக்கேல்லையோ?”

அருளம்பலத்தார் வாயைத் திறந்தார். எட்டு வருடமாய்ச் சொன்ன பதில் அவரிடம் தயாராகத்தான் இருந்தது. அது யாரைப் பற்றியதோ அவனே முன்னால் நிற்கிறான்.

“இவவாலை நடக்க ஏலாது தம்பி” என்றார்.

சிமியோன் தாய் செபஸ்தியம்மாவை இறக்கிப் படியில் இருத்தினான். கற்களை எடுத்தோம். என் சைக்கிள் பம்பால் நான்கு சில்லுக்கும் காற்றடித்தேன். என் தோள்மூட்டு இன்றைக்கும் அதை மறக்கவில்லை. அருளம்பலத்தார் தன் கையாலேயே சாமியறைப் போத்தலைக் கொண்டுவந்து கொடுத்தார். சிமியோன் ஹாண்டிலை மூன்று தரம் சுற்றினான். கார் உறுமியது. சூடேறியதும் மண்ணெண்ணெயை விட்டான். சீமைக் கார் ஒரு தரம் இருமிவிட்டு, வெண்புகை கக்கிக்கொண்டு, மறுப்பேதும் சொல்லாமல் குடித்தது.

சிமியோன் காரை ஓட்டினான். பின் சீற்றில் ஞானாம்பிகை அக்காவும் செபஸ்தியம்மாவும். வழியில் கண்ட இரண்டு பிள்ளைத்தாய்ச்சிகளும் ஒரு கிழவரும் ஏறினார்கள். டிக்கியில் எங்கள் மூட்டைகளோடு செபஸ்தியம்மாவின் கருவாட்டுப் பெட்டி. சொந்தக்காரருக்கு இடம் இல்லை. நானும் அவரும் காரின் இரு பக்கமும் நடந்தோம். சனத்துக்குள் அது எங்கள் நடையைவிட வேகமாய்ப் போகவும் இல்லை. நாவற்குழிப் பாலத்தடியில் அக்கா கண்ணாடியை இறக்கினார்.

“இஞ்சருங்கோ” என்றார், “மீற்றர் ஏறுது.”

அருளம்பலத்தார் மழைநீரை முகத்திலிருந்து வழித்துவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

“கீரிமலைக்குத்தான் கேட்டனான். நாவற்குழிக்குக் கொண்டு வந்திருக்கிறியள்” என்றார் அக்கா. அதன் பிறகு அந்த மனிதன் விம்மி அழுததை நான் பார்த்தேன்.

சாவகச்சேரியில் தெரிந்தவர் வளவில், ஒரு மாமரத்தின் கீழ் கார் நின்றது. சிமியோனின் மனைவியும் பிள்ளைகளும் முன்னமே கிளாலியால் கடல்கடந்து அக்கரைக்குப் போயிருந்தார்கள். தாயோடு அவனும் அங்கே போக வேண்டும். அருளம்பலத்தார் காரின் திறப்பை எடுத்து அவன் கையில் வைத்தார்.

“இது உம்மடை கார். விலை ஒண்டும் வேண்டாம். கொண்டு போம்.”

“வள்ளத்திலை காரை ஏத்தேலாது ஐயா” என்று சிமியோன் சிரித்தான். திறப்பைத் திருப்பி அவர் சட்டைப் பொக்கற்றிலேயே போட்டான். “அக்காவுக்குத் தேவைப்படும். நிக்கட்டும். அப்ப வாறன்.”

செபஸ்தியம்மாவைக் கைத்தாங்கலாய்க் கூட்டிக்கொண்டு, கிளாலிக்குப் போன உழவு மெஷினில் ஏறினான். அதன் பிறகு அவனைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை.

மார்கழியில் ஒருவர் வந்து காரைக் கேட்டார். நல்ல மனிதர், கதவையும் மெதுவாய்த்தான் சாத்தினார். அருளம்பலத்தார் மறுத்துத் தலையை ஆட்டினார்.

“மன்னிக்கோணும். ஒருத்தன் வாறன் எண்டு சொல்லிப் போனவன்.”

வாயில் வந்த நக்கலை நான் விழுங்கிக்கொண்டேன். அவர் வாசற் படலைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.