மேசைக்கு அடியில் ஷகீலா

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு "யா அல்லா" என்று ஒரு பெருமூச்சு விட்டு, மேசைக்கு அடியில் நுழைந்தார் ஷகீலா. ஐம்பதைத் தாண்டிய கனத்த உடம்பு. துப்பட்டா ஆணியில் மாட்டிக்கொள்ள, வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். மந்தைவெளியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம், சனிக்கிழமை மத்தியானம். ஆசிரியைகள், ஆயாக்கள், வேன் டிரைவர் எல்லோரும் யூகேஜி பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. எனக்கும்தான்.

குழந்தை அழுதால், அடம் பிடித்தால், வாயே திறக்காமல் இருந்தால் என்ன செய்வது என்று பள்ளிக்கூடத்துப் பெரியவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது ஷகீலாவின் வேலை. பத்திரிகைக்கு எழுதுவதற்காக இந்த மாதிரிப் பயிற்சிகளை நிறையப் பார்த்து நொந்தவன் நான். திரையில் படம் ஓடும். சமோசா வரும்வரை எல்லோரும் தலையாட்டுவார்கள். இவரிடம் திரையும் இல்லை, படமும் இல்லை. உளவியலில் பட்டம் வாங்கியவர், மீர்சாகிப்பேட்டைத் தமிழை மட்டும் விடவில்லை. "குழந்தைகளை எப்படி மேடம் சமாளிக்கிறது?" என்று யாராவது பொதுவாகக் கேட்டுவிட்டால் போச்சு, முகம் சிவந்துவிடும்.

"கொழந்தைங்கன்னு மொத்தமா யாரும் கெடயாது மிஸ். எந்தப் புள்ள? பேர் சொல்லுங்க. அது இன்னா பண்ணிக்கினு கீது, அத்த சொல்லுங்க."

பேர் சொன்னால் அந்தக் குழந்தையாகவே மாறிவிடுவார். அதற்காக முந்தின வாரமே வந்து, வகுப்பு மூலையில் கம்மென்று உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போவதுண்டு.

அன்றைய பேர் அஃப்தாப். ஐந்து வயது. கூச்சல் அதிகமானால் மேசைக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொள்வான்; யாராவது தொட்டால் கடித்துவிடுவான். வகுப்பு ஆசிரியை ஜானு மிஸ்ஸின் மணிக்கட்டில் அவன் பல் பதிந்த தடம் இன்னும் ஆறவில்லை. ஏற்கெனவே ஒரு பள்ளி வேண்டாமென்று அனுப்பிய பிள்ளை. இன்னொரு தடவை கடித்தால் டி.சி.தான் என்று இங்கேயும் அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள்.

ஜானு மிஸ் தங்கமான மனுஷி. எந்தக் குழந்தை அழுதாலும் வாரி மடியில் போட்டுக்கொள்வார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. "எங்காத்துல எல்லாக் கொழந்தையும் இப்படித்தான் வளந்தது. இறுக்கிக் கட்டிண்டா அழுகை தானா நின்னுடும்" என்று சொல்லிக்கொண்டே குனிந்து கையை நீட்டினார்.

உள்ளே ஷகீலா இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு ஐந்து வயதுப் பையன்தான் இருந்தான். காலை மடக்கி, சுவரோடு ஒட்டிக்கொண்டு, மூச்சு இரைக்க, நீண்டு வரும் அந்தக் கையையே பார்த்தான். இன்னும் பின்னால் போக அவனுக்கு இடம் இல்லை. அறையில் சிரிப்பு நின்றுபோனது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எப்படியம்மா இப்படி ஒரு மனுஷியால் முடிகிறது!

ஜானு மிஸ் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "ஐயோ, நான்னா அவனைப் பயமுறுத்திண்டிருக்கேன்!"

ஷகீலா வியர்த்த முகத்தை வெளியே நீட்டினார். "உங்க பாசத்துல கொற இல்ல மிஸ். உங்க கிளாஸ் புள்ள ஹம்சினி அழுதா கட்டிப் புடிங்க, அதுக்கு அது வோணும். இவனுக்கு ஆவாது. இவனுக்குக் கிட்ட ஆளு வோணும், கை வோணாம். தரையில குந்துங்க, முதுகக் காட்டிக்கினு."

திரும்பத் திரும்பச் செய்யவைத்தார். ஜானு மிஸ்ஸின் கை தானாகப் பின்னால் போகும். உடனே உள்ளே இருக்கும் பையன் சுவரோடு ஒட்டிக்கொள்வான். சாயங்காலம் வரைக்கும் இதேதான்.

திங்கட்கிழமை ஷகீலாவோடு நானும் போனேன். யாருக்கோ பிறந்தநாள். பலூன் ஒன்று வெடித்து வகுப்பே கத்தியது. அஃப்தாப் மேசைக்கு அடியில் பாய்ந்தான். ஆயா மற்ற பிள்ளைகளை வெளியே கூட்டிப்போனார். ஜானு மிஸ் மேசைப் பக்கம் முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். உள்ளிருந்து அழுகை வந்துகொண்டே இருந்தது.

எங்களோடு ஜன்னலுக்கு வெளியே நின்ற தலைமை ஆசிரியைக்குத் தாங்கவில்லை. "எவ்ளோ நேரம் இப்படி அழ விடறது?" என்று கதவைப் பார்த்து நடந்தார். ஷகீலா குறுக்கே போய் நின்றார். "இருங்க மேடம். வந்துருவான்." அவர் குரல் நடுங்கி அன்றுதான் கேட்டேன்.

அழுகை விம்மலாயிற்று. பிறகு ஒரு சின்ன முதுகு பின்பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து வெளியே வந்து, ஜானு மிஸ்ஸின் முதுகில் சாய்ந்துகொண்டது. அவர் திரும்பவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் கொட்டியது.

தலைமை ஆசிரியை ஷகீலாவிடம் வந்து, கைகொடுக்கக் கையை நீட்டினார். ஷகீலா அதைக் கவனிக்கவே இல்லை. ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துப் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால், விரல்கள் வெளுத்துப்போகும்படி, ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டிருந்தன.