மூன்றாவது கொப்பரை

கிருமாம்பாக்கத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டுக் கண்டக்டர் சொன்னார்: “உங்க மாப்ள தணிகாசலம் தவறிட்டாருங்க.” நான் நம்பவில்லை. பாகூர்ச் சீமையின் பட்டத்துப் புளுகன் நான். என்னிடமே புளுகா என்று சண்டைக்குப் போனேன். செய்தி மெய்யாக இருந்தது.

என் தங்கையின் கணவர் அவர். சோரியாங்குப்பத்தில் கரும்பு போட்டவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஆலைக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டவர். முதலை பிடித்தேன் என்று நான் சொன்னால், “ஓணான் எம்மாம் நீட்டு இருந்துச்சி மச்சான்?” என்று கேட்பார்.

கொட்டகையில் கரும்புச் சாறு காய்ச்ச இரண்டு கொப்பரை, இரண்டு அடுப்பு. வருஷத்துக்கு ஒரு சவுக்குத் தோப்பை விழுங்கிவிட்டு ஊர் மேல் கரும்புகையாக ஏப்பம் விடும். வெல்லம் விற்றது விறகுக்கே சரியாகப் போனது. பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறியிருந்த சமயம். புது அடுப்புக்குக் கடன் கேட்டு மனுப் போட்டோம். கொட்டகைப் பத்திரம் பிரெஞ்சில் இருந்தது; புது அதிகாரிக்கு அது தெரியாது. என் கணிப்பில் அந்த மனு பாரீஸ் வரை நடந்தே போயிருக்கும்.

அப்போதுதான் கரியமாணிக்கத்தில் ஓர் அடுப்பைப் பார்த்தேன். நெருப்பு ஓரிடத்தில், தழல் கொப்பரைகளின் அடியில் ஓடிப் புகைபோக்கி வழியே போகிறது. காய்ந்த கரும்புச் சக்கையே போதும், விறகு வேண்டாம். ஊர் கூடியிருந்த இடத்தில் முழங்கினேன்: “ஒரே நெருப்பு, மூணு கொப்பரை!” சாட்சிக்குத் துண்டில் முடிந்து வந்த சாம்பலையும் கொட்டினேன். தணிகாசலம் அதை விரலால் கிளறிப் பார்த்தார்.

மறுநாள் சொன்னார்: “வர்ற பட்டத்துக்கு வாங்கி வச்ச கட்டைய சூளைக்காரருக்குக் குடுத்துட்டு செங்கல்லா வாங்கிக்கலாம். மிச்சமாவப் போற கட்டையே நமக்குக் கடன் குடுக்கட்டும்.”

“அடுப்பு எரியலன்னா இன்னாபா பண்றது? வெட்டுன கரும்ப வச்சிக் கும்புடறதா?” என்றார் ஒருவர்.

“கட்ட கையில இருந்தா புது அடுப்புலயும் அதத்தான் போடுவோம்” என்றார் தணிகாசலம்.

விறகு வண்டி வண்டியாகப் போனது. ஊர்க் கரும்பு மொத்தமும் என் நாக்கில் தொங்கியது. கடைசி வண்டி திரும்பியதும் அவரிடம் ஓடினேன். “மாப்ளே, மூணு இல்ல. ரெண்டுதான் பாத்தேன்.”

செங்கல் இறக்கிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. “தெரியும். ரெண்டுக்குத்தான் பள்ளம் எடுக்கச் சொல்லிக்கிறேன்.”

“அப்ப விறகு வேணாம்னு சொன்னத மட்டும் எப்பிடி நம்புன?”

“உன்ன யாரு நம்புனா? நீ கொண்ணாந்த சாம்பல்ல ஒரு கரித்துண்டு கூட இல்ல. கட்ட எரிச்சிருந்தா கரி கெடக்கும். அத நம்புனேன். செங்கல்லப் புடி மச்சான்.”

முதல் நாள் சக்கையைப் போட்டுக் கொளுத்தினோம். முன் கொப்பரை பொங்கியது. பின் கொப்பரை அசையவில்லை. நான் எந்த ஊருக்கு ஓடலாம் என்று யோசித்து, கடலூர் தாண்டி ராமேஸ்வரம் வரை போய்விட்டேன். அப்போது பின்கொப்பரை ஓரத்தில் ஒரு குமிழ் எழுந்தது. பிறகு இன்னொன்று. கொட்டகையே கத்தியது. தணிகாசலம் மட்டும், “சக்க போடுங்கப்பா, வேடிக்க அப்பறம் பாக்கலாம்” என்றார்.

அன்று ஊர் என் கழுத்தில் மாலை போட்டது. “பாத்துட்டு வந்து சொன்னது எங்க மச்சான்தான்” என்று அவரே சொல்லிவிட்டார். மூன்றாவது கொப்பரை எங்கே என்று கேட்டவர்களிடம், “எடம் பத்தல” என்றார். அவர் சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அது. எனக்காகச் சொன்னது. சாகும்வரை அதை யாரிடமும் உடைக்கவில்லை, என் தங்கையிடம்கூட.

கொட்டகைக்கு வரும் ஊர்க்காரர்களே, உங்களுக்கெல்லாம் அந்த அடுப்பு இருக்கிறது. எனக்கு அந்தப் பொய் இருக்கிறது. ஆனால் நான் சொல்வதில் கழித்துக் கேட்க இனி அவர் இல்லை. நானே கழித்துச் சொல்லித்தான் ஆகவேண்டும். இங்கிருந்து தொடங்குகிறேன்: கொட்டகையில் இடம் இருந்தது. கரியமாணிக்கத்தில் நான் பார்த்தது இரண்டு கொப்பரை.