புளியங்கொட்டைச் சத்தம்

போன வாரம் ஆலங்காயத்திலிருந்து வாணியம்பாடி போகிற பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு கல்லூரிப் பையன்கள் ஒரே போனில் தலையை முட்டிக்கொண்டு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதிலிருந்து 'கடக்' என்று ஒரு சத்தம் வந்தது. கெட்டியான எதையோ கடைவாயில் வைத்து உடைக்கிற சத்தம். "செத்தான்டா" என்று ஒருவன் சிரித்தான். எனக்கு வயிற்றைப் புரட்டியது. பஸ் ஏறினாலே எனக்கு வயிறு புரட்டும், அது சின்ன வயதிலிருந்தே உள்ள சீக்கு. ஆனால் இது அதனால் வந்ததில்லை.

அது ஒரு பழைய சினிமாவில் வருகிற சத்தம். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் அந்த இடத்தில் அதையேதான் சொல்வார்கள். வில்லன் வறுத்த புளியங்கொட்டையைக் கடித்தால் அடுத்த காட்சியில் ஒரு ஆள் காலி. படம் வந்து எத்தனையோ வருஷமாகியும் அந்தச் சத்தம் மட்டும் போனுக்குப் போன் தாவி உயிரோடு இருக்கிறது. அந்தப் புளியங்கொட்டையைப் படத்துக்குள் கொண்டுபோனவன் நான்தான். இதை நான் யாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை. உங்களிடம் சொல்வதும் பெருமைக்காக இல்லை.

இப்போது நான் கல்யாண வீடியோ எடுக்கிறவன். தாலி கட்டும் நேரத்தில் குறுக்கே வரும் மாமாக்களை ஓரம் கட்டுவதுதான் நான் செய்கிற இயக்கம். அப்போது சென்னையில் உதவி இயக்குநர். ஐந்து உதவி இயக்குநர்களில் ஐந்தாவது ஆள். டீ சரியாக ஐந்து பேருக்கு வந்ததா என்று பார்ப்பதும் என் வேலைதான்.

எங்கள் டைரக்டருக்கு ஒரு கதை கிடைத்திருந்தது. அடிவாரத்திலிருந்து ஜவ்வாது மலைக்குப் போன புளி வியாபாரி ஒருவர், ஓடைக்கரையில் மண்டை உடைந்து செத்துக் கிடந்தார். யார் செய்தது என்று கடைசிவரை தெரியவில்லை. நிஜமாக நடந்தது, முடிச்சு அவிழாதது. டைரக்டருக்கு அது போதும். "நீ அந்தப் பக்கத்து ஆளுதானே, மேல போய்ப் பேசிட்டு வா" என்று என்னை அனுப்பினார். அதற்கு முன் நான் அந்த மலைக்குப் போனது ஒரே ஒரு தடவை, பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு. அன்றும் பஸ் முழுக்க வாந்தி. இதையெல்லாம் அவரிடம் சொன்னால் வேறு ஆளை அனுப்பிவிடுவாரே என்று வாயை மூடிக்கொண்டேன்.

வியாபாரி கடைசியாகச் சோறு தின்றது வெள்ளையன் என்கிறவரின் வீட்டில். அதனால் போலீஸ் அவரைத்தான் மூன்று தடவை கூட்டிப்போய், மூன்று தடவையும் ஒன்றும் இல்லையென்று விட்டது. நான் போய் இறங்கியதும் அவர் வீட்டில்தான். வளைவு வளைவாக மலையேறி வெளுத்துப்போய் வாசலில் உட்கார்ந்தவனை, யார், எதற்கு வந்தாய் என்றுகூடக் கேட்கவில்லை. சட்டைப் பையில் கைவிட்டு ஒரு புளியங்கொட்டையை எடுத்து நீட்டினார்.

"வறுத்தது தம்பி. வாயில அடக்கிக்கோ. கடிச்சிடாத, சும்மா ஊறட்டும். வயிறு அடங்கிடும்."

அடங்கியது. வறுத்த கொட்டைக்கு ஒரு வாசனை உண்டு, லேசாகக் கருகினமாதிரி. அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் எப்போதும் அந்த வாசனைதான். அவர் மட்டும் கொட்டையை ஊறவைக்க மாட்டார், கடக்கென்று கடித்துவிடுவார். ஒன்பது நாள் அவர் வீட்டில் சாமைச் சோறு தின்றேன். இறங்கும்போது ஒரு பொட்டலம் நிறைய வறுத்துக் கொடுத்தனுப்பினார். அது தீரும்வரை பஸ் ஏறும்போதெல்லாம் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன்.

அந்த ஒன்பது நாளில் ஊரில் வேறு யாரும் கொலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. கேட்டால் மாட்டைப் பற்றிப் பேசினார்கள். கடைசியில் வெள்ளையனிடமே கேட்டேன்.

"நீ வெளியூரு, ஒனக்குத் தெரியாது. அத நா கற்பூரம் அணச்சி முடிச்சிட்டேன்" என்றார்.

ஒருவர்மேல் ஊருக்குச் சந்தேகம் வந்தால், ஊர் மொத்தமும் கூடி நிற்க, கோயில் முன்னாலிருக்கும் கல்லில் கற்பூரம் ஏற்றி, 'நான் செய்யவில்லை' என்று சொல்லி உள்ளங்கையால் அதை அணைக்க வேண்டும். அணைத்துவிட்டால் அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கிறவன்தான் குற்றவாளி. அதனால்தான் அத்தனை பேரும் என்னிடம் மாட்டைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். வெள்ளையன் உள்ளங்கையைக் காட்டினார். தழும்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

சென்னையில் கதை முடியாமல் நின்றது. "கொன்னது யாருன்னே தெரியாம எப்படிடா படத்த முடிக்கிறது?" என்று டைரக்டர் நான்கு நாளாக எங்களைக் கரித்துக்கொட்டினார். ஐந்தாவது நாள், ஐந்தாவது ஆளான நான், எல்லார் முன்னாலும் ஒரு தடவையாவது பேசிவிட வேண்டும் என்கிற அரிப்பில், அந்தச் சத்தியத்தைச் சொன்னேன். டைரக்டர் எழுந்து நின்றுவிட்டார்.

"பொய்ச் சத்தியம்! அவன்தான் கொன்னவன். கற்பூரத்த அணைக்கிறான், ஊரே நம்பிடுது. திரும்பி நடக்கறான். நடந்துகிட்டே ஏதோ பண்ணணும். என்ன பண்ணுவான்?"

அறையே யோசித்தது. நான் சொன்னேன்: "புளியங்கொட்டையக் கடிப்பான் சார்."

கட்டிப்பிடித்துக்கொண்டார். படத்தில் என் பெயர் தனியாக வந்தது. தியேட்டரில் அந்தக் காட்சிக்கு விசில் பறந்தபோது, எனக்கே அடித்தமாதிரி உட்கார்ந்திருந்தேன். வெள்ளையனின் நினைவு வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. பெயரைத்தான் மாற்றிவிட்டோமே என்று அதை விரட்டிவிட்டேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில், ஒருவேளை அவரே செய்திருப்பாரோ என்று எனக்கே ஒரு நாள் தோன்றியது. அவர் சோற்றைத் தின்ற எனக்கு.

அடுத்த பொங்கலுக்குப் படத்தை டிவியில் போட்டார்கள். மலையில் எல்லார் வீட்டிலும் டிவி வந்திருந்தது. மாசி மாதம், நான் வேறொரு படப்பிடிப்பில் இருந்தபோது போன் வந்தது.

"தம்பி, வெள்ளையன் பேசறேன். படம் பாத்தோம்."

"நல்லாருந்துச்சாணா?" என்று கேட்டேன். இந்தக் கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் செவிட்டில் அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

"நா மரம் ஏறனா கீழ யாரும் நிக்க மாட்டேன்றாங்க தம்பி" என்றார்.

புளி உலுக்கும்போது ஒருவர் உச்சிக்கிளையில் நிற்பார், பெண்கள் கீழே குனிந்து பொறுக்குவார்கள். மேலே இருக்கிறவர் பட்ட கிளையை மிதித்துவிட்டால் கீழே இருக்கிறவர்களின் தலை போய்விடும். அவர்மேல் நம்பிக்கை இருந்தால்தான் குனிய முடியும். இருபது வருஷமாக அந்த ஊர் அவருக்குக் கீழே குனிந்து நின்றிருக்கிறது.

"வாயத் தொறந்து யாரும் கேக்கல. எட்ட எட்டப் போறாங்க. நீ ஒரு வாட்டி வந்து, கோயில்ல கற்பூரம் அணச்சி, அது நீங்களா கட்ன கதைன்னு சொல்ட்டு போ. போதும். வேற இன்னா கேக்கப்போறேன் ஒன்ன."

"வர்றேன்ணா, கண்டிப்பா வர்றேன்" என்றேன்.

போகவில்லை. படப்பிடிப்பு இருந்தது, லீவு கிடைக்கவில்லை என்று உங்களிடமும் சொல்லலாம். உண்மை என்னவென்றால், அந்த ஊரின் முன்னால் நின்று 'நான்தான் கட்டினேன்' என்று சொல்லப் பயம். மறுபடி போன் வந்தது, அடுத்த வாரம் என்றேன். அதற்கடுத்த தடவை நம்பரைப் பார்த்துவிட்டு, அடித்து ஓயும்வரை போனைக் கையிலேயே வைத்திருந்தேன். அப்புறம் அவர் கூப்பிடவில்லை.

மூன்று வருஷம் கழித்து, சினிமா என்னைக் கழற்றிவிட்ட பிறகு, போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டம்மா சாமை புடைத்துக்கொண்டிருந்தார்.

"அவுங்க கேரளாவுக்கு மொளகு வேலைக்குப் போய்ட்டாங்களே. ரெண்டு வருசம் ஆவுது. மரத்தக்கூட வேற ஆளுக்கு வுட்டுட்டாரு. நீ யாரு தம்பி?"

சொன்னேன். அவர் முறத்தைக் கீழே வைத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. நான் கற்பூரம் கொண்டுவந்திருக்கிறேன், ஊரைக் கூட்ட முடியுமா என்று கேட்டேன்.

"இப்ப அதெல்லாம் யாரும் பண்றதில்ல தம்பி. கல்லுல கற்பூரம் வெச்சாலே பசங்க வாயால கடக்குனு சத்தம் வுடுதுங்க. பெரியவங்களும் சிரிச்சிடறாங்க. அப்புறம் எப்டி?"

அந்த மலை ஊரில் போலீஸும் கோர்ட்டும் முடிக்காததை முடித்துவைத்த வழி அது ஒன்றுதான். அதையும் சேர்த்துத்தான் நான் அன்றைக்கு அந்த அறையில் டைரக்டருக்குக் கொடுத்திருக்கிறேன்.

இருந்தாலும் கோயிலுக்குப் போனேன். பஸ்ஸுக்கு நின்றிருந்த நாலைந்து பேர் பார்க்க, கல்லில் கற்பூரம் ஏற்றினேன். "வெள்ளையண்ணன் மேல எந்தத் தப்பும் இல்ல. படத்துல வர்ற சத்தியம் நான் கட்டினது" என்று சத்தமாகச் சொல்லி உள்ளங்கையை வைத்தேன். சுட்டது.

திரும்பினால், ஒரு இளைஞன் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். "ஷூட்டிங்காணா?" என்றான்.

"இல்லப்பா. நெஜம்."

"சூப்பரா நடிக்கறீங்கணா. கொஞ்சம் இப்டி வெளிச்சத்துக்கு வந்து இன்னொரு வாட்டி பண்ணுங்க."

பஸ் வந்தது, ஏறிவிட்டேன். பாதி மலை இறங்குவதற்குள் புரட்டிக்கொண்டு வந்தது. கண்டக்டரைக் கெஞ்சி நிறுத்தச் சொல்லி, ஒரு புளியமரத்தடியில் குனிந்து நின்று வாந்தி எடுத்தேன். பழக்கதோஷத்தில் கை சட்டைப் பைக்குள் போனது. அதில் கற்பூர டப்பாதான் இருந்தது.