தாளில் பள்ளம் இல்லை

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஆனால் திருத்தணியில் என் எழுத்து இல்லாத வீடு ஒன்றைக் காட்டுங்கள் பார்க்கலாம். சீர்க்குடமோ அண்டாவோ, என் பாத்திரக் கடையில் எதை வாங்கினாலும் பெயர் வெட்டிக் கொடுத்தது இந்தக் கைதான். தெலுங்கிலும் வெட்டுவேன்.

எழுத்தை எனக்கு எந்த வாத்தியாரும் கற்றுக்கொடுக்கவில்லை. பள்ளியை விட்டதும் மலைக்குத் தேங்காய் மூட்டை சுமந்தேன். படிகளில் உபயதாரர் பெயர்கள் வெட்டியிருக்கும். மூச்சு வாங்க உட்காரும் இடத்திலெல்லாம் அவற்றை விரலால் தடவித் தடவிப் படித்தேன். மஞ்சளும் குங்குமமும் அப்பியிருந்தால் நகத்தால் சுரண்டிவிட்டுப் படிப்பேன். அந்தப் படிப்புதான் எனக்குச் சொந்தக் கடை வைத்துக் கொடுத்தது.

என் மனைவி ஆந்திராப் பக்கம் நகரியில் பிறந்த அத்தை மகள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள். கல்யாணமான நாளிலிருந்து, காலையில் அவள் காய் நறுக்க, நான் பேப்பரை உரக்கப் படிப்பேன். ஊர் உலகம் அவளுக்கு என் வாய் வழியாகத்தான் போயிற்று.

போன ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் பேப்பரைப் பிரித்தேன். எழுத்தெல்லாம் இருந்தது, ஒன்றுகூட என்னவென்று தெரியவில்லை. படங்கள் பளிச்சென்று தெரிந்தன. வெளியே போய் என் கடைப் பலகையைப் பார்த்தேன். யாரோ கிறுக்கி வைத்ததுபோல் இருந்தது.

அரக்கோணத்தில் டாக்டர் ஸ்கேன் பார்த்தார். மூளையில் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதாம். தாளைக் கொடுத்து எழுதச் சொன்னார். பெயர், ஊர், கடை என்று மளமளவென்று எழுதினேன்.

"சூப்பருங்க ஐயா. இப்ப இதப் படிங்க."

நான் எழுதியதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சில பேருக்கு இப்படி ஆவும்ங்க. எழுத வரும், படிக்க வராது."

வெளியே உட்கார்ந்திருந்த மனைவியிடம் பிரஷர் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாளும் பேப்பரைப் பிரித்தேன். வாயில் வந்ததைப் படித்தேன். தக்காளி விலை, மழை, ரயில் தாமதம். இத்தனை வருஷம் படித்தவனுக்குச் செய்தி எப்படி ஓடும் என்று தெரியாதா? அவளும் ஆங், ஆங் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்படியே நாட்கள் போயின. ஒரு காலை அவள் நறுக்குவதை நிறுத்தினாள்.

"பாவா, அந்தப் பக்கத்துல மாலை போட்ட போட்டோ இருக்குதே. அது நம்ம பொதட்டூர்பேட்டை லுங்கிக்காரரு தானே?"

திருப்பிப் பார்த்தேன். அவரேதான். நான் மூட்டை சுமந்த காலத்திலிருந்து எனக்குச் சிநேகிதர். படத்துக்குக் கீழே நாலு வரி இருந்தது.

"இன்னா போட்டுக்கிறாங்க? எப்ப எடுக்கறாங்களாம்? படி."

விரலை வைத்துத் தடவினேன். கல்லாக இருந்தால் பள்ளம் இருக்கும். தாள் வழவழவென்று இருந்தது.

"உன்னத்தான் கேக்கறேன் பாவா."

அதே வரியை மறுபடியும் தடவினேன். என் விரலையும் முகத்தையும் பார்த்தாள். பிறகு பேப்பரை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய் வந்தாள்.

"நாளைக்குக் காரியமாம். அவரு போயி ரெண்டு வாரம் ஆவுதாம். அன்னிக்கே பேப்பர்ல வந்துதாம், போட்டோ இல்லாம." காய்த் தட்டை எடுத்தவள் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "அன்னிக்கு நீ எனக்குத் தக்காளி வெல படிச்சுகினு இருந்திருப்ப."

அவர் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

காரியத்துக்குக் கொண்டுபோக ஒரு பித்தளைச் செம்பை எடுத்தேன். அவர் பெயரை வெட்டினேன். கை தவறவில்லை, என் கை தவறாது. வெட்டி முடித்துப் பார்த்தால் வெறும் கீறல்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தேன். பள்ளம் பள்ளமாக, ஒவ்வோர் எழுத்தாக வந்தது.

மனைவி பின்னால் வந்து நின்றாள்.

"இன்னா போட்டுக்கிற?"

படித்துக் காட்டினேன்.