தாராவியிலிருந்து மாஹுல் சேறு வரை: பரிணாமத்துக்குச் சாட்சி தேடிய ஒரு ஞாயிறு

மும்பையில் என்ன பார்க்கலாம் என்று யாராவது என்னிடம் கேட்டால், சேற்றைப் பாருங்கள் என்பேன். கேட்டவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே! நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. கடல் தண்ணீர் வடிந்த நேரத்தில் அந்தச் சேற்றில் மீன் நடப்பதைக் காணலாம். போன மாதம் மதுரைப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை, தன் வகுப்புப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போக வழி கேட்டு எழுதியிருந்தார். வழியை மட்டும் எழுதினால் அது பாதிதான். நான் அங்கே ஏன் போனேன் என்பதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

அது 1963, மழை விட்டு வெயில் திரும்பியிருந்த சமயம். எனக்கு இருபத்து நான்கு வயது. தாராவியில் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் கூடி நடத்திய ஒரு தமிழ்ப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்தேன். எட்டாம் வகுப்பில், உயிர்கள் காலப்போக்கில் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறி வந்தன என்ற பாடத்தைத் தொடங்கினேன். மறுநாளே நாலு தகப்பன்மார் பள்ளிக் கமிட்டியிடம் போய் நின்றுவிட்டார்கள். மனுசன் குரங்கிலிருந்து வந்தான் என்று டீச்சர் சொல்லிக்கொடுக்கிறாள், ஆஞ்சநேயரைக் கும்பிடுகிற வீட்டில் இது என்ன பேச்சு என்று புகார். நான் குரங்கு என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. பாடம் இன்னும் மீனையே தாண்டவில்லை. ஆனால் யார் கேட்டார்கள்?

கமிட்டித் தலைவர் சுடலைமுத்து அண்ணாச்சி, மெயின் ரோட்டில் பருப்பு மண்டி வைத்திருந்தவர். கடைக்கு வரச் சொன்னார். போனபோது ஒரு துவரம்பருப்பு மூட்டையில் குத்தூசியைச் செருகி, உள்ளேயிருந்து வந்த பருப்பை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மூட்டையைப் பிரிக்காமல் உள்ளே இருப்பதை எடுத்துப் பார்க்கிற அந்தக் குழல் ஊசியை அவர் கீழே வைத்து நான் கண்டதில்லை.

“டீச்சரம்மா, மேல நல்ல பருப்பு இருக்கும், அடியில வண்டு இருக்கும். ஒரு குத்துல நான் எந்த மூட்டையும் எடுக்க மாட்டேன். மூணு எடத்துல குத்திப் பாப்பேன். நீங்க சொல்லுததுக்கும் கண்ணால பாக்குத மாதிரி ஏதாச்சும் காட்டுங்க. ஞாயித்துக்கெழம சாயங்காலம் நம்ம ஊர்ச் சங்கத்துல கூட்டம். மாட்டுங்காவுலேருந்து வைத்தியநாதன் சார் எதிர்ப்பக்கம் பேசுதாரு. ரெண்டு பேர் சொல்லுததையும் கேட்டுக்கிடுதோம்.”

“காட்ட முடியலன்னா அண்ணாச்சி?”

“பாடத்த வுட்டுரணும். அத வுட மாட்டேன்னா வேலைய வுட்டுரணும்.”

பாடத்தையும் விடுவதில்லை, வேலையையும் விடுவதில்லை என்று கடைப்படி இறங்கும்போதே முடிவு செய்துவிட்டேன். எப்படி என்பதுதான் தெரியவில்லை. ஒரு கல்லூரி விலங்கியல் கூடத்தில் எலும்புக்கூடு இரவல் கேட்டேன். வெளியே கொடுக்கிற வழக்கம் இல்லை என்று வாசலோடு அனுப்பிவிட்டார்கள். ஞாயிறும் வந்துவிட்டது.

காலை எட்டு மணிக்குத் தாராவியிலிருந்து கிளம்பினேன். கையில் ஒரு தூக்குவாளி, அதில் மதியத்துக்குப் புளிச்சோறு. மாட்டுங்காவுக்கு இரண்டரை கிலோமீட்டர், நடந்தே போனேன். எதிர்த்துப் பேசப் போகிறவர் என்ன பேசுவார் என்று தெரியாமல் கூட்டத்தில் போய் நின்று முழிக்க எனக்கு இஷ்டமில்லை. நேரே அவர் வீட்டுக்கே போய்க் கேட்டுவிடுவது என்று கிளம்பியிருந்தேன்.

வைத்தியநாதன் சார் அரசாங்க அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மாட்டுங்கா கோயில், சபா என்று எங்கே கூட்டம் நடந்தாலும் அவர் பேச்சு இருக்கும். மூன்றாம் மாடி. கதவைத் திறந்தவர், நான் யார் என்று சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

“உள்ளே வாம்மா. சண்டைக்கு முன்னாடி காபி சாப்பிட்டுடலாம்.”

காபி வந்தது. நானும் சுற்றி வளைக்கவில்லை. சாயங்காலம் என்ன சார் பேசப் போகிறீர்கள் என்று கேட்டேன். அவரும் ஒளிக்கவில்லை.

“உன் பாடப் புஸ்தகத்தை நானும் புரட்டினேன். மத்ஸ்யம், கூர்மம், வராகம்னு நம்மளவாளும் வரிசையாத்தான் சொல்லியிருக்கா. ஆனா அதெல்லாம் பகவான் எடுத்துண்ட ரூபம். ஒண்ணு இன்னொண்ணா மாறினதுன்னு யார் சொன்னா? மீனுக்குத் தண்ணி, மாட்டுக்குத் தரை, பட்சிக்கு ஆகாசம். அததுக்கு இடம் போட்டுக் கொடுத்துட்டான். இந்த இடத்துக்கும் அந்த இடத்துக்கும் நடுவிலே நிக்கற ஒண்ணைக் காட்டு, நான் வாயை மூடிண்டுடறேன்.”

“தவளை இருக்கே சார்?”

“தவளை தவளைதான். நான் கேக்கறது மீன். துடுப்போட, வாலோட, தரையிலே நடக்கற மீன். உண்டா?”

நடக்காத காரியத்தைக் கேட்டுவிட்டோம் என்ற திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது. எனக்கோ உட்கார இருப்புக்கொள்ளவில்லை. தாதர் சந்தையில் கோளி மீனவப் பெண்கள் கூடையில் வைத்து விற்கிற ஒரு மீன் ஞாபகம் வந்துவிட்டது. விரல் நீளம் இருக்கும், மண்டைக்கு மேலே துருத்திய கண், கூடையை விட்டு எகிறி எகிறிக் குதிக்கும். நிவ்டி என்பார்கள். எங்கே பிடிக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டதற்கு மாஹுல் என்று சொன்னதும் நினைவு வந்தது. மிச்சக் காபியை ஒரே மடக்காகக் குடித்துவிட்டு எழுந்தேன்.

நேரே மாட்டுங்கா ஸ்டேஷன். அங்கிருந்து குர்லா, குர்லாவில் ஹார்பர் லைன் வண்டி மாறிச் செம்பூர். டிக்கெட் பதினைந்து நயா பைசா. செம்பூரில் பஸ் பிடித்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் தெரிகிற இடத்தில் இறங்கி, அதற்கு மேல் இரண்டு கிலோமீட்டர் நடை. மாஹுல் மீனவர் குடியிருப்பை அடைந்தபோது மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. தாராவியை ஒட்டியே மாஹிம் உப்பங்கழி இருக்கிறதே, அவ்வளவு தூரம் ஏன் என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்துக் கழியில் தோல் பட்டறைத் தண்ணீர் வந்து விழுந்து, மீன் என்ன, நண்டுகூட அங்கே குடியிருக்க யோசிக்கும்.

போன நேரத்தில் கடல் ஏறியிருந்தது. சேறே தெரியவில்லை. அலையாத்திச் செடியோரம் உட்கார்ந்து புளிச்சோற்றைத் தின்றேன். இரண்டு மணி வாக்கில் தண்ணீர் வடிந்து, கருப்புச் சேறு பளபளவென்று வெளியே வந்தது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு சேறே அசைகிற மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தால் மீன்! ஒன்றல்ல, நூற்றுக்கணக்கில். முன் துடுப்பு இரண்டையும் கை போல ஊன்றி, உடம்பை இழுத்து, ஓர் அடி வைத்து, நின்று, கண்ணை உருட்டி என்னைப் பார்த்து, மறுபடி ஓர் அடி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. வருஷக்கணக்காகப் புத்தகத்தில் படித்ததை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

முழங்கால் சேற்றில் நின்று, வளைக்குள் கையை விட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்த கோளி அம்மாளைச் சித்தி என்று கூப்பிட்டு, அஞ்சு நிவ்டி வேண்டும் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன்.

“மாவ்ஷி, நிவ்டி சாஹியே. பாஞ்ச்.”

“பாஞ்ச்?” அந்த அம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அஞ்சு மீனை வைத்து எத்தனை பேருக்குக் குழம்பு வைப்பாய் என்று இந்தியில் கேட்டாள். சாப்பிட இல்லை, பள்ளிக்கூடத்துக்கு என்றேன். அதற்கு இன்னும் சிரித்தாள். நாலணா வாங்கிக்கொண்டு, ஈரச் சேற்றை ஒரு பிடி தூக்குவாளியில் போட்டு, அஞ்சு மீனையும் அதன்மேல் விட்டுக் கொடுத்தாள்.

இங்கேதான் என் சொந்தப் புத்தி வேலை செய்தது. பாவம், மீனாயிற்றே, வெறும் சேற்றில் எப்படி இரண்டு மணி நேரம் தாங்கும் என்று, படகுத்துறையில் குனிந்து கழித் தண்ணீரை வாளி நிறைய மொண்டு, மூடியை அழுத்தி மூடினேன். மீன் என்றால் தண்ணீர் என்று நினைக்கிற எவரும் இதைத்தான் செய்திருப்பார்கள்.

மூன்றரைக்குக் கிளம்பி, குர்லாவில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நசுங்கி, மூடி இடுக்கில் தண்ணீர் சிந்திப் பக்கத்துப் பயணியிடம் திட்டு வாங்கி, தாராவி சங்கத்து அறைக்குள் நுழைந்தபோது மணி ஆறு. ஜமக்காளத்தில் ஐம்பது பேருக்கு மேல் இருந்தார்கள். வைத்தியநாதன் சார் காலையில் சொன்னதையே அழகாக விரித்துப் பேசி முடித்தார். அததுக்கு இடம் போட்டுக் கொடுத்திருக்கிறான் என்ற இடத்தில் கைதட்டல். அடுத்து நான். நடக்கிற மீனைக் கொண்டுவந்திருக்கிறேன் என்று சொல்லி, வாளியை அண்ணாச்சி முன்னால் வைத்து மூடியைத் திறந்தேன்.

நாலு மீன் செத்து மிதந்தது. தண்ணீர் சிந்திக் குறைந்திருந்த விளிம்பில் ஒன்று மட்டும் தலையை வெளியே நீட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. அண்ணாச்சி சிரிக்கவில்லை.

“இது என்ன கூத்து? மீனு தண்ணியில முங்கிச் செத்துருக்கு?”

அவர் கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. இது காற்றை நம்பி வாழ்கிற மீன். நான்தான் மூடியைப் போட்டு மூழ்கடித்திருக்கிறேன்.

“மூடி போட்ட வாளியிலே எந்த மீனும் சாகும்,” என்றார் வைத்தியநாதன் சார். நியாயமான பேச்சுதான்.

“ஒரு குத்துல முடிவு பண்ணப்படாது,” என்றார் அண்ணாச்சி. அகலமான தாம்பாளம் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, நடுவில் ஒரு செங்கல்லை வைத்து, வாளித் தண்ணீரை ஊற்றி, பிழைத்த மீனைத் தன் கையாலேயே தண்ணீரில் விட்டார். மீன் தாம்பாளத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. துடுப்பை ஊன்றிச் செங்கல் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. மறுபடி தண்ணீரில் தள்ளினார். மறுபடி ஏறியது. மூன்றாவது தடவை, வேறு பக்கமாகக் கொண்டுபோய் விட்டார். அதற்கும் ஏறியது. சிரித்தவர்கள் எல்லாம் முட்டி போட்டு எட்டிப் பார்த்தார்கள். வைத்தியநாதன் சாரும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஜமக்காளத்தில் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

“துடுப்புதான், சந்தேகமில்லே,” என்றார் கடைசியில். “ஆனா இதையும் பகவான் இப்படியே படைச்சிருக்கலாமே?”

“படைச்சிருக்கலாம் சார். இந்த மீன் நம்ம மூதாதைன்னு நான் சொல்ல மாட்டேன், அது பொய். ஆனா தண்ணிக்கும் தரைக்கும் நடுவுல ஒண்ணு நிக்கவே முடியாதுன்னு சொன்னீங்க. நிக்குது. ரொம்பப் பழைய காலத்துல இதே மாதிரி நடுவுல நின்னதோட எலும்பு பாறைக்குள்ள கெடச்சிருக்கு. அது எங்கிட்ட இல்ல, பாடத்துல படம்தான் இருக்கு. பிள்ளைக அதைப் பாக்கட்டும், கேள்வி கேக்கட்டும். பாக்கவே கூடாதுன்னு சொல்லாதீங்க. அவ்வளவுதான் நான் கேக்கேன்.”

“எனக்கு இன்னும் சம்மதம் வரலே,” என்றார் அவர். “ஆனா மீனைக் கேட்டேன், கொண்டுவந்துட்டா. வாயை மூடிக்கறேன்னு சொன்னேன். மூடிண்டாச்சு.” சொன்னபடியே போய் உட்கார்ந்தார். அந்த மனுஷர் மேல் எனக்கு மரியாதை கூடியது அப்போதுதான்.

அண்ணாச்சி ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“படைச்சவன் ஒருத்தன் இருக்கான்னு நம்புதேன். இந்த மீனு அத மாத்தாது, டீச்சரம்மாவாலயும் மாத்த முடியாது. ஆனா அததுக்கு எடம் போட்டுக் குடுத்தாச்சுன்னு சார் சொல்லுதது எனக்கு ஒப்பல. அப்படி இருந்தா நாமெல்லாம் திருநவேலிய வுட்டுட்டு எதுக்கு இங்க வந்து கெடக்கோம்?” அறை கொல்லென்று சிரித்தது. “கண்ணால கண்டத, காங்கலன்னு பிள்ளைகள்ட்ட சொல்ல எனக்கு நாக்கு வராது. பாடத்த நடத்துங்கம்மா.”

திருநெல்வேலி ஆட்கள் பம்பாய்க்கு வந்தது பரிணாமத்துக்கு ஆதாரம் ஆகாது. அது எனக்கும் தெரியும். அன்றைக்கு நான் அதைத் திருத்தவில்லை.

இப்போது போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். செம்பூரிலிருந்து ஆட்டோ கிடைக்கும், பழைய நடை தேவையில்லை. ஆனால் கடல் வற்றும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொண்டு போங்கள். ஏற்றத்தில் போனால் என்னைப் போல உட்கார்ந்து சோறு தின்ன வேண்டியதுதான். ஆலைகள் பெருகிவிட்டதால் சேறு முன்போல இல்லை, நாற்றமும் குப்பையும் உண்டு. அதற்குப் பயந்து திரும்பிவிடாதீர்கள். கரையில் நின்று பத்து நிமிஷம் ஆடாமல் அசையாமல் பாருங்கள், மீன் தானே வெளியே வரும். சேற்றில் தனியாக இறங்காதீர்கள், இடுப்புவரை இழுத்துவிடும். மீனைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். போனில் படம் எடுத்தால் போதும். பிள்ளைகளிடம் முதலிலேயே எதையும் விளக்கிவிடாதீர்கள், அவர்களாகக் கேட்கட்டும்.

மறுநாள் திங்கட்கிழமை, மூன்றாவது பீரியட். கரும்பலகையில் மீனின் துடுப்பை வரைந்துகொண்டிருந்தேன். புகார் கொடுத்த தகப்பன்மாரில் ஒருவர், ராத்திரி ஷிப்ட் முடித்து வந்த பட்டறை உடுப்போடு ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தார். உள்ளே வந்து உட்காருங்கள் என்றேன்.

“வேண்டாம் டீச்சர். நான் இத நம்பல.”

“நம்ப வேண்டாம். பாத்துட்டுப் போங்க.”

மணி அடிக்கும்வரை அவர் அந்த ஜன்னலை விட்டு நகரவில்லை.