வாயில் நிற்காத சொல்

பங்கஜாட்சி சேச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஊர்வலத்தில் அவள் சொல்லப்போகும் கோஷத்தை நான் மூன்று தடவை வாசிக்க வேண்டும். மதிய இடைவேளையில் கம்பெனி மதிலோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மரச்சீனிக் கிழங்கும் மத்தி மீன் கறியும் தின்று முடித்த பாத்திரத்தின் மூடியைக் கவிழ்த்து வைத்து, அதில் விரலால் தட்டிக்கொண்டே கேட்பாள். உள்ளே முந்திரிக்கொட்டை உடைக்கும் கட்டையின் தாளம்தான் அது. முதல் தட்டில் ஓடு விரியும், இரண்டாவதில் பருப்பு முழுசாக வெளியே வரும். முப்பது வருஷமாக அவள் கை அந்தத் தாளத்தில்தான் இருக்கிறது. மூன்றாம் தடவை அவளே சொல்லிப் பார்ப்பாள். தாளத்தில் உட்காராத சொல்லை அங்கேயே கழற்றிப் போட்டுவிடுவாள்.

"இது மடங்கி மடங்கிப் போகுது மோனே. வாயில நிக்கல."

"இது புது மாதிரி சேச்சி. இப்பக் கவிதையெல்லாம் இப்படித்தான் எழுதறாங்க."

"கவிதையா? நான் கோஷம்னுல்ல நினைச்சு வாங்கினேன்."

சுற்றி இருந்த பெண்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். காதுக்குள் சூடாக இருக்கும்.

கொட்டியத்துக்குக் கிழக்கே நாலாம் நம்பர் கம்பெனியில் அறுநூறு பெண்கள். நான் யூனியன் ஆபீசில் மனு எழுதுகிறவன், மினிட்ஸ் எழுதுகிறவன், கோஷமும் எழுதுகிறவன். என் கவிதைகளைப் பத்திரிகைகள் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தன. நான் எழுதி, அடுத்தவர் வாயில் ஏறியது கோஷம் ஒன்றுதான். அதனால் அது எழுதியபடியே ஏற வேண்டும் என்று எனக்கு வெறி. ஒரு தடவை இப்படி எழுதினேன்:

கருகிய விரல்களின் காலைப்பொழுது
வருகிறது வருகிறது வழிவிடுங்கள்.

இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியது. ஊர்வலம் சந்தை முக்கில் திரும்பியபோது முன்னால் அவள் கரகரத்த குரல் எழும்பியது:

கருகின விரல் வருதடா
வழிய விட்டு நில்லடா!

ஊரே திரும்பிப் பார்த்தது. சாயங்காலம் டீக்கடையில் ஒருவர் அதைத் தொடையில் தட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். "யாருய்யா எழுதினது?" என்றார் இன்னொருவர். "எழுதறதா? அது பங்கஜாட்சி வாயில வந்தது." நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனேன்.

அவள் வரலாறு சின்னது. ஒன்பது வயதில் அம்மாவோடு உடைப்பு ஷெட்டுக்கு வந்தாள். தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வரும் நாட்களில் கொட்டைக் கூடையைக் கவிழ்த்து அவளை உள்ளே வைத்துவிடுவார்களாம். வளர்ந்தாள். கல்யாணம் செய்துகொண்டாள். புருஷன் மலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டான். ஒரே மகள், அவளும் இதே கம்பெனியில். பழைய வேலைநிறுத்தம் ஒன்றில் கோஷம் சொல்லிக்கொண்டிருந்தவரைப் போலீஸ் பிடித்து வேனில் ஏற்றியதும் கூட்டம் வாயடைத்து நின்றது. கூடவே ஏற்றப்பட்ட பங்கஜாட்சி, வேனின் கம்பிவலைக்குப் பின்னாலிருந்து அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தாள். அன்று பிடித்த முன்வரிசை இடத்தை அவள் விடவே இல்லை.

எனக்கு அந்த இடத்தின் மேல் ஒரு கண். ஒரு மே தினத்தில் நானும் சொல்லிப் பார்த்தேன். என் குரல் நடுவில் உடைந்தது. பதில் குரல் கல்யாண வீட்டில் மொய் எழுதக் கூப்பிட்டதுபோல மெலிசாக வந்தது. அதற்குப் பிறகு ஊர்வலத்தின் வாலில்தான் நடந்தேன். அவள் சொல்வது வாலுக்கு வந்து சேர ஒரு கணம் ஆகும். அந்தக் கணம் முழுக்க, இந்தத் தடவை என் சொல்லை என்ன செய்திருக்கிறாளோ என்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

போன வருஷம் ஓணத்துக்கு முன்னால், கொட்டையை வெளியே வீடுகளில் கொடுத்து வறுத்துக் கம்பெனி வேலையைக் குறைக்கிறார்கள் என்று வேலைநிறுத்தம் தொடங்கியது. பதினோரு கோரிக்கைகள். நானும் செயலாளர் ஜனார்த்தனனும் ஆபீசில் உட்கார்ந்து எழுதினோம். ஒன்பதாம் நாள் லேபர் ஆபீசர் கம்பெனிக்கு வருவதாக இருந்தது. அன்று வாசலில் சொல்லும் கோஷம்தான் அவர் காதில் விழும், பேப்பரிலும் வரும்.

நான் ஜனார்த்தனனிடம் சொன்னேன்: "சகாவே, அன்னிக்கு மட்டும் விலாசினி சொல்லட்டுமே. எட்டாம் கிளாஸ் படிச்சிருக்கா. பேப்பரப் பாத்து அப்படியே சொல்வா."

விலாசினி தோலுரிப்பு ஷெட்டுக்காரி. முந்திரி ஓட்டின் எண்ணெய் படாத கை, வெள்ளையாக இருக்கும். முன்வரிசை மேல் அவளுக்கும் ஆசை உண்டு என்பதை நான் கவனித்து வைத்திருந்தேன்.

ஜனார்த்தனன் மீசையைத் தடவினார். "பங்கஜாட்சி இருக்கும்போது எப்படிடா? சரி, இப்படி வெச்சுக்கலாம். அவளே சொல்லட்டும். திணறினா விலாசினி எடுத்துக்கட்டும். அதுக்கப்புறம் முன்னால விலாசினிதான்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் வீட்டுக்குப் போய், அவள் திணற வேண்டும் என்றே எழுதினேன்:

நிர்த்தாட்சிண்ய நிர்வாகமே
நிறுத்திடு உன் நாடகமே.

வாசித்துக் காட்டியபோது அவள் மூடியில் தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"என்னது? நிர்த்...?"

"நிர்த்தாட்சிண்ய."

"அது என்னடா, பிள்ள பெத்தவளுக்குக் குடுக்கற லேகியமா?"

"இரக்கமே இல்லாதன்னு அர்த்தம், சேச்சி."

"அப்ப அப்படியே எழுதேன்."

"இல்ல சேச்சி. ஆபீசர் படிச்சவரு. இந்த வார்த்தை வேணும். மாத்தக் கூடாதுன்னு ஜனார்த்தனன் சகாவும் சொல்லிட்டாரு." கடைசி வாக்கியம் பொய்.

அவள் மூடியில் மறுபடி விரலை வைத்தாள். பிறகு, "மறுபடி சொல்லு," என்றாள். அன்று மூன்று தடவைக்குப் பதில் முப்பது தடவை சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அவள் 'தாச்சி' என்று வழுக்கி விழுந்தாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி.

ஒன்பதாம் நாள் நல்ல வெயில். கேட்டுக்கு வெளியே அறுநூறு பேர். வாலில் நின்றால் பார்க்க முடியாது என்று நான் முன்னால் வந்து மதிலோரம் நின்றேன். விலாசினி கையில் தாளோடு அவளுக்கு அருகிலேயே நின்றாள். காலையிலிருந்து கத்திக் கத்திச் சேச்சியின் தொண்டை காய்ந்திருந்தது. ஆபீசரின் ஜீப் வந்து கேட் முன்னால் நின்றது. மேனேஜர் சிரித்தபடி வெளியே வந்தார். சேச்சி கையைத் தூக்கினாள்.

"நிர்த்... தா..."

"நிர்த்... தா..." என்று அறுநூறு பேரும் அப்படியே திருப்பிச் சொன்னார்கள்.

"நிர்த்தாச்சி..." இருமல் வந்துவிட்டது. குனிந்து இருமினாள். ஜனார்த்தனன் விலாசினியைப் பார்த்துத் தலையாட்டினார். விலாசினி தாளை விரித்தாள். இருமலுக்கு நடுவே சேச்சி தூக்கிய கையை இறக்காமலே திரும்பி, கரகரத்த குரலில் சொன்னாள்:

"விலாசினீ, கொஞ்சம் தண்ணி குடுடீ."

கை மேலே இருந்ததல்லவா. கூட்டம் அதையும் எடுத்துக்கொண்டது.

"விலாசினீ, கொஞ்சம் தண்ணி குடுடீ!"

கேட் கம்பி அதிர்ந்தது. ஆபீசர் ஜீப்பிலிருந்து இறங்காமல் அப்படியே பார்த்தார். யாரோ ஒருத்தி சிரித்தாள். சேச்சியும் சிரிக்கப் போனாள். சிரிப்பு பாதியில் நின்றது. அவள் முகத்தில் வேறு என்னவோ ஓடியது. கையை இன்னும் உயரத் தூக்கினாள்.

"கையில கறை இருக்குன்னு கயிறத் தொடக் கூடாதாம்!"

இந்தத் தடவை பதில் முழங்கியது உடைப்பு ஷெட்டிலிருந்து மட்டும்தான். தோலுரிப்பு ஷெட்டுக்காரிகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கம்பெனிக் கிணற்றுக் கயிற்றை உடைப்பு ஷெட்டுக்காரிகள் தொட்டால் ஓட்டெண்ணெய்க் கறை வாளியில் ஏறும், அதிலிருந்து பருப்புக்கும் ஏறிக் கெடுக்கும் என்று தடை. தாகம் எடுத்தால் வெள்ளைக் கைக்காரி யாராவது வந்து வாயில் ஊற்றும்வரை அண்ணாந்து நிற்க வேண்டும். நாலு வருஷமாக அந்த வாசலில் நிற்கிறேன். பதினோரு கோரிக்கை எழுதினேன். இதை நான் பார்த்ததே இல்லை.

"வாயில ஊத்தி விடறதுக்கு ஆளு ஒண்ணு வரணுமாம்!"

இப்போது விலாசினியின் உதடும் அசைந்தது. அவள் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள்.

"கிணறு வெட்டினது எங்கப்பன்! கயிறு தொட்டா குத்தமா?"

சேச்சியின் அப்பா அந்தக் கிணற்றை வெட்டியவர்களில் ஒருவர் என்று அன்றுதான் எனக்குத் தெரியும். அறுநூறு அப்பன்களும் வெட்டியதுபோல அந்த அடி திரும்பத் திரும்ப எழுந்தது. ஆபீசர் இறங்கி மேனேஜரிடம் என்னவோ கேட்டார். மேனேஜரின் சிரிப்பு காணாமல் போயிருந்தது.

பதினோரு கோரிக்கையில் நாலு கிடைத்தது. பன்னிரண்டாவதாக, யாரும் எழுதாத ஒன்றும் கிடைத்தது. ஓணம் கழிந்த வாரம் உடைப்பு ஷெட்டின் மேற்குச் சுவரில் இரண்டு குழாய் வைத்தார்கள்.

வெற்றிக் கூட்டத்தில் ஜனார்த்தனன், "அந்தக் கிணத்துக் கோஷம் யாரு எழுதினது?" என்று மேடையிலிருந்து கேட்டார். நான் நாற்காலியில் சுருங்கினேன். பங்கஜாட்சி சேச்சி எழுந்து, என்னைக் காட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "சுகதன் எழுதினதுதான். எல்லாம் சரியாச் சொன்னேன், அந்த ஒரு லேகியத்தத் தவிர."

கைதட்டினார்கள். எனக்குத்தான். பிறகு பேப்பரிலும் என் பெயரோடு வந்தது. ஜில்லா ஊர்வலத்துக்கு எழுதித் தரச் சொன்னார்கள். என் பெயரில் ஊருக்குத் தெரிந்த ஒரே வரி, நான் எழுதாத வரி. அதைவிடப் பெரிய குடைச்சல் இன்னொன்று: எப்படி இவ்வளவு சுலபமாகத் தூக்கிக் கொடுத்தாள்? நானாக இருந்தால் செத்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். அவளுடைய குரலின் மேல் இருந்த பொறாமை போதாதென்று, இப்போது அவளுடைய பெரிய மனதின் மேலும் பொறாமை.

ஒரு மாதம் தாங்கினேன். பிறகு ஒரு மதியம் மதிலோரம் போய் நின்றேன்.

"சேச்சி, அந்த வார்த்தைய நான் வேணும்னுதான் போட்டேன். நீங்க திணறணும்னு."

அவள் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "தெரியும். நீ முப்பது தடவை சலிக்காம சொன்னப்பவே தெரியும். என்னிக்கு நீ அவ்வளவு பொறுமையா இருந்திருக்க?"

"அப்புறம் ஏன் என் பேரச் சொன்னீங்க?"

"அட மண்டு. 'கிணத்துப் பேச்ச ஆரம்பிச்சவ யாரு'ன்னு மேனேஜர் ஷெட்டு ஷெட்டா விசாரிச்சுக்கிட்டிருந்தான். என் வாயில வந்ததுன்னு தெரிஞ்சா அடுத்த நாளே வேலை போயிருக்கும். என் மகளுக்கும் சேத்து. நீ எழுதிக் குடுத்தா நான் சும்மா சொன்னவதானே? உன்ன அவன் என்ன பண்ணுவான், நீ என்ன கம்பெனிக்காரனா?"

நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"பேரு நல்லாத்தானே இருக்கு உனக்கு? அப்புறம் என்ன?" மூடியைக் கவிழ்த்து வைத்தாள். விரல்நுனிகள் கரியாக இருந்தன. "ஜில்லா ஊர்வலத்துக்கு எழுதிட்டியா? சொல்லு, கேக்கறேன்."

பையிலிருந்து தாளை எடுத்தேன். ஒரு வாரம் எழுதியது. வாசித்தேன். அவள் தட்டத் தொடங்கினாள். மூன்றாவது சொல்லிலேயே நின்று, அதைக் கழற்றிப் போட்டு, வேறொன்றை வைத்துச் சொல்லிப் பார்த்தாள்.

அவள் வைத்தது நன்றாகத்தான் இருந்தது. பென்சிலை எடுத்து என் சொல்லை அடித்தேன், தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி.